யூகலிப்டஸ் மரத்தடியில் வைத்த லீவு ரூல்

ஈரக் கம்பளியும் யூகலிப்டஸ் விறகுப் புகையும் கலந்த ஒரு வாசனை... மலைமேல் சித்திரபுரம் குவார்ட்டர்ஸில் மழைக்காலம் முழுக்க எங்கள் வீடு அப்படித்தான் மணக்கும். நனைந்த ஸ்வெட்டரை அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துவேன். அதன் கீழே ஒரு முக்காலியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் சர்வீஸ் ரூல்ஸ் படித்துக்கொண்டிருப்பார்.

படித்துக்கொண்டிருப்பார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தூங்கிக்கொண்டிருப்பார்.

ஞாபகசக்திக்கு என்ன வழி என்று நம் குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார். வல்லாரை, பாதாம், மாத்திரை என்று ஆளாளுக்கு எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எழுபதுகளில் அந்த மலைப் பாதையில் கிடைத்தது.

அவர் மின்சார போர்டில் ஓவர்சியர். எஞ்சினியர் ஆவதற்கு டிபார்ட்மெண்ட் டெஸ்ட் பாஸ் பண்ண வேண்டும். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் புத்தகத்தைப் பார்க்காமல் எழுத வேண்டிய ரூல்ஸ் பேப்பரில் இரண்டு முறை போய்விட்டது. மலையாளத்துச் சித்தூர் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, மாமனார் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"இந்த வாட்டியும் தேறலீன்னா பேசாம வந்து பண்ணயத்தப் பாரு. அந்தக் குளுருல எதுக்குக் கெடந்து சாகோணும்?"

மாமனார் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே புருஷனும் பெண்டாட்டியும் பகலில் பேசிக்கொள்கிற வழக்கம் இல்லை. மலையில் இரண்டே அறை. அதில் நாங்கள் இரண்டே பேர். அது போய்விடக் கூடாது.

நான் கான்வென்டில் படித்தவள். முதுகை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டி, உரக்கச் சொல்லி, ஒரு சொல் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. அப்படித்தான் எல்லா வருஷமும் முதலாவதாக வந்தேன். அதே முறையை அவரிடமும் காட்டினேன்.

"அம்மிணி, நீ மதர் சுப்பீரியராட்ட முன்னால வந்து நிக்காத. வந்த ரூலும் ஓடிப்போகுது."

ஒரு நாள் மழையில் லைன் அறுந்துவிட்டது. சரிசெய்துவிட்டு வந்து, காப்பி குடித்துக்கொண்டே எனக்கு அதை விவரித்தார். பாலத்துக்கு இப்புறம் எந்தப் பாறை, அதில் எந்தப் பக்கம் பாசி, எந்தக் கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது... ஒரு இடம் தடுமாறவில்லை. நான் கரண்டியைக் கீழே வைத்தேன். இவ்வளவு பாதை இருக்கிற தலையில் ரூலுக்கு இடம் இல்லாமலா போகும்?

"நாளைக்கிருந்து புஸ்தகத்த மூடி வெச்சிருங்க. ரூலையெல்லாம் ரோட்டுல வெச்சரலாமுங்க."

"ரோட்டுலயா? லாரி ஏறிப்போடுமே அம்மிணி!"

சாயங்காலம் மழை விட்டதும் இரண்டு பேரும் கீழே டீக்கடை வரை நடப்போம். காவல்காரர் சாய்ந்து தூங்குகிற யூகலிப்டஸ் மரத்தடியில், சம்பளத்தோடு கிடைக்கும் லீவு. டிஸ்பென்சரிப் படியில் மெடிக்கல் லீவு. ஆடுகிற மரப்பாலத்தில் சஸ்பென்ஷன். டீக்கடை பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ரிட்டயரான தபால்காரர் மடியில் பென்ஷன். பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்துச் செல்வராணி ஒரு சினைப் பசு வைத்திருந்தாள். பிரசவ லீவை அதன் முதுகில் ஏற்றினோம்.

வைத்த இடத்துக்குப் போனால் ரூல் அங்கே இருந்தது! போகும்போது வரிசையாகச் சொல்லுவார், வரும்போது தலைகீழாகச் சொல்லுவார். நடுவில் பேச்சு எங்கெங்கோ போகும். அவருடைய சின்ன வயசு, என்னுடைய சிஸ்டர்கள், பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன பெயர்... டீக்கடையிலிருந்து வீடு வருவதற்குள் இருட்டிவிடும். அந்த இருட்டில் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

செல்வராணிக்குத்தான் சந்தேகம். "ஏக்கா, ஒங்க வீட்டுக்காரவுக மரத்தப் பாத்துப் பேசிக்கிட்டு நிக்காக. மந்திரிச்சு விடணுமோ?"

பரீட்சைக்குச் சில நாள் முன்பு அவர் வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்குள் வந்தார்.

"போச்சு அம்மிணி. மாட்ட வித்துப்போட்டாங்க. பிரசவ லீவு போயே போச்சு!"

அவர் பின்னாலேயே செல்வராணி வந்தாள். "மாட்ட வித்த நானே அழல. அண்ணாச்சிக்கு ஏன்க்கா மொகம் இப்படிச் செத்துப் போச்சு?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை அங்கேயே கூட்டிப் போனேன். மாடு கட்டிய முளைக்குச்சி மட்டும் நின்றது. "அதுலயே கட்டிப்போடுங்க" என்றேன். கட்டினார்.

எர்ணாகுளத்தில் பரீட்சை எழுதிவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"கண்ண மூடிக்கிட்டு என்னய்யா பண்றேன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. பாலத்துக்கிட்ட நிக்கறனுங்க சார், இப்ப வந்தர்றேன்னு சொல்லிப்போட்டேன். அம்மிணி, பிரசவ லீவும் வந்துச்சு. முளைக்குச்சிய நெனச்சேன், மாடே வந்து நின்னுச்சு!"

பாஸானார். நல்ல மார்க். குவார்ட்டர்ஸ் முழுக்க லட்டு கொடுத்தோம். இனி யாரும் எங்களை ஊருக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

பிரமோஷனோடு டிரான்ஸ்ஃபரும் வரும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. கஞ்சிக்கோட்டுக்குப் போட்டார்கள். மாமனார் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருகிற தூரம். மாமனாருக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"நாங் கூப்பிட்டப்ப வர்ல. போர்டு கூப்பிட்டதும் வந்துட்டான் பாரு!"

அந்தப் பெரிய வீட்டில் பிள்ளைகளை வளர்த்தேன், நாத்தனார்களைக் கட்டிக் கொடுத்தேன். அவர் பெரிய பதவி வரை போய் ரிட்டயரானார். எனக்குப் பெருமைதான். ஆனால் கூடத்தில் எப்போதும் யாராவது இருப்பார்கள். "சாப்பிடலாமுங்களா?" "ம்." எங்கள் பேச்சு பல வருஷம் அவ்வளவுதான். எல்லாரும் அவரவர் வழி போய் வீடு காலியானபோது, அவருக்கும் கிளம்பும் நேரமாகிவிட்டது.

இப்போது மகள் என் போனில் ஞாபகசக்திக்கென்று ஏதோ ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். படம் காட்டும், சொல் கேட்கும், சரியாகச் சொன்னால் கை தட்டும். நூற்றுக்கு நூறு வாங்குகிறேன். வாங்கி என்ன... என்னோடு எழுந்து நடப்பதற்கு ஆள் இல்லை.

யாரும் எந்தப் பரீட்சையிலும் தோற்க வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, அவர் தோற்றிருக்க வேண்டும் என்றும் நினைக்க மாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில் மழை, ஸ்டிரைக் என்று எத்தனையோ பரீட்சைகளைத் தள்ளி வைத்தார்கள்.

அவர் பரீட்சையை மட்டும் சொன்ன தேதியில் நடத்திவிட்டார்கள்.