ராணியின் கன்னமும் ராஜாவின் யானையும்

பழைய நாணயம் வாங்கி விற்கிற தொழிலில் வருகிறவரை நாமும் நம்புவதில்லை, வருகிறவரும் நம்மை நம்புவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தரப்புக்கும் நல்ல ஒற்றுமை.

குன்னூரில் மார்க்கெட்டுக்குப் போகும் ஏற்றத்தில் எங்கள் கடை. முன்பக்கம் கடிகார ரிப்பேர், அது என் வீட்டுக்காரர் வேலை. உள்பக்கம் கண்ணாடிப் பெட்டியில் பழைய காசு, அது என் வேலை. வீட்டில் கிடந்த காசை விற்கப் போய் முகம் சுண்டித் திரும்பியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். நீங்கள் பட்டது ஒரு நாள். நான் தினமும் படுகிறேன்.

காசுக்கு வயசு இரண்டாம் பட்சம், தேய்மானம்தான் முதலில் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. மேடான இடம்தான் முதலில் தேயும். கன்னம், காதுக்கு மேலே முடி, கிரீடத்தின் நுனி. அங்கே லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். திறந்ததும் சண்டை.

விற்கும்போது ஒரு கண், வாங்கும்போது ஒரு கண்

ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் பெரிய கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர் என்னிடம் விக்டோரியா ராணி போட்ட ரூபாய் ஒன்று வாங்கினார். நல்ல காசு. காதுக்கு மேலே முடி இழை இழையாகத் தெரியும். சில வருஷம் கழித்து அதையே திருப்பி விற்க வந்தார். லென்ஸை வைத்தேன். கன்னம் தட்டையாகிவிட்டது. முடியெல்லாம் சேர்ந்து குல்லா போட்ட மாதிரி ஆகிவிட்டது. காசை மாற்றிக் கொண்டு வந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். தரத்தை வேண்டுமென்றே குறைக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம்.

"இதை எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். பேன்ட் பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். உள்ளே சாவிக்கொத்து கலகலத்தது. கல்யாண வீடு, டீக்கடை, பஸ் என்று போகிற இடமெல்லாம் எடுத்துக் காட்டி, கட்டை விரலால் ராணியின் கன்னத்தைத் தடவித் தடவிப் பேசியிருக்கிறார். அதனால்தான் தரம் இரண்டு படி இறங்கிவிட்டது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் காசை எடுத்து மறுபடி அதே பாக்கெட்டில், அதே சாவிகளோடு போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, விக்கறப்ப உங்க கண்ணுக்கு ராணி குமரியாத் தெரியறா, வாங்கறப்ப மட்டும் கிழவியாயிடறாளுங்களா?"

இஞ்சித் தோட்டத்துப் புதையல்

கூடலூர்ப் பக்கம் ஸ்ரீமதுரையிலிருந்து வருவதாகச் சொல்லி ஒருவர் வந்தார். இஞ்சிக்குக் குழி வெட்டும்போது மண்ணில் கிடைத்ததாம். வேட்டி மடிப்பிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ரூபாய் ஒன்றை எடுத்து வைத்தார். தேய்மானம் பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையான தேய்மானத்தில் மேடுதான் மழுங்கும், எழுத்துக்கு நடுவே இருக்கிற பள்ளம் கூர்மையாகவே நிற்கும். இதில் பள்ளமும் சோப்புக்கட்டி மாதிரி வழவழத்தது. ராஜாவின் கன்னத்தில் குறுக்காக ஒரு கீறல் வேறு.

"நல்ல காசா இருக்கே, இன்னும் இருக்குதுங்களா?" என்று சிரித்தபடி கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து இன்னொன்று, பர்ஸிலிருந்து இன்னொன்று. மூன்றையும் வரிசையாக வைத்து லென்ஸை ஓட்டினேன். மூன்று ராஜாவுக்கும் அதே கன்னத்தில், அதே நீளத்தில், அதே கீறல். தேய்ந்த காசு ஒன்றிலிருந்து அச்சு எடுத்து மூன்றையும் வார்த்திருக்கிறார்கள். லென்ஸை அவரிடமே கொடுத்து, பாருங்கள் என்றேன். நிதானமாகப் பார்த்தார். கொஞ்சங்கூட அசரவில்லை.

"சேச்சி, மூணும் ஒரே மண்ணிலல்லே கிடந்தது, அதான் கீறலும் ஒண்ணுபோல வந்நு."

மூடுபனியில் வியாபாரம் இல்லை

புழக்கத்துக்கே வராத காசைக் கையில் சாய்த்துப் பார்த்தால் அதன் முகத்தில் வெளிச்சம் சக்கரம் மாதிரி சுற்றி வரும். கைபட்டுத் தேய்ந்த இடத்தில் அந்தச் சுற்று அறுந்துபோகும். அச்சடிக்கும்போதே அழுத்தம் குறைந்து ஒரு இடம் மழுங்கலாக விழுவதும் உண்டு. அங்கே மழுங்கல் இருந்தாலும் மினுக்கம் போகாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும். எங்கள் ஊரிலோ சில நாள் எதிர்க்கடை போர்டே தெரியாது.

அப்படி ஒரு நாள் ஊட்டியிலிருந்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் காசு கொண்டுவந்தார். கிரீடம் மழுங்கலாகத் தெரிந்தது. பிறக்கும்போதே அப்படியா, பிறகு தேய்ந்ததா என்று சொல்ல முடியவில்லை. வெயில் வந்ததும் வாருங்கள் என்றேன். "அதுக்குள்ள எனக்குப் பணமுடை வரும், குறைச்சுக் கேக்கலாம்னு பார்க்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். பனி விலகியபின் வந்தால் நல்ல தரமே கிடைக்கலாம் என்று பின்னாலேயே கத்தினேன். அவர் காதில் விழவில்லை, ஆளும் தெரியவில்லை. கடிகாரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே என் வீட்டுக்காரர் சொன்னார்:

"மூடுபனி நாள்ல உன்கிட்ட வந்து நின்னா என்னையே தேஞ்சுபோன பீஸுன்னுதான் சொல்லுவே."

ஒரு பக்கம் புதுசு

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அந்த அம்மா நீட்டியது சிலோன் ஐம்பது சதக் காசு, நம்ம ஊர் எட்டணா மாதிரி. ஒரு பக்கம் நேற்று அடித்த மாதிரி இருந்தது. மறுபக்கம் வழித்துவிட்ட தோசைக்கல் மாதிரி ஒன்றுமே இல்லை. கையில் புழங்கிய காசு இரண்டு பக்கமும் தேயும். யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள், அல்லது இரண்டு காசை அறுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒட்டு இல்லை.

"கப்பல் ஏறுறப்ப பிடுங்கிருவாங்கன்னு பயந்து இடுப்பு வார்ல வெச்சுத் தைச்சேன்" என்றார் அந்த அம்மா. "இங்க வந்தும் பிரிக்கவே இல்லை. அந்த வாரைக் கட்டிக்கிட்டுத்தான் இத்தன வருசமும் கொழுந்து எடுத்தேன்." வாரையும் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் முரட்டுச் சாக்கு, மறுபக்கம் மெழுகுத்துணி. சாக்குப் பக்கம் இருந்த முகம்தான் போயிருந்தது. அவர் நடந்த மேடு பள்ளமெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இருந்தாலும் தொழில் தொழில்தானே. மோசமான பக்கத்தை வைத்துத்தான் தரம் போடுவோம், இதற்குப் பெரிதாக ஒன்றும் வராது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று பார்த்தால் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மருமகள் பக்கம் திரும்பினார்.

"காதுல விழுந்துச்சா? கெழவி சல்லிய மறச்சு வெச்சிருக்கான்னு இனிமே என் பொட்டிய நோண்டாத!"

யானையைக் காணோம்

ஊட்டி மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருந்த குடும்பம். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா காலமாகிப் பல வருஷம் கழித்து அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மண்டி, வீடு, வண்டி எல்லாம் சண்டையில்லாமல் முடிந்தது. சாமி அறையில் அப்பா வைத்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில்தான் சிக்கியது. அந்த ராஜாவின் மார்புச் சங்கிலியில் பொடியாக ஒரு யானை இருக்கும். அப்பா மடியில் உட்கார வைத்து அந்த யானையைக் காட்டியது தம்பிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது அந்தக் காசில் யானை இல்லை, சங்கிலி இல்லை, ராஜாவுக்கு மூக்குகூட இல்லை. நல்ல காசை விற்றுவிட்டு இதை வைத்துவிட்டார்கள் என்று தம்பி சொல்லப்போய், ஒரே தெருவில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

மூன்று பேராக வந்தார்கள். தம்பி கவுண்டரில் சாய்ந்து நின்றார். அண்ணன் வாசலைப் பார்த்தபடி நின்றார். அண்ணி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். "மாத்துன காசுதானுங்களே? உள்ளதைச் சொல்லுங்க" என்றார் தம்பி. லென்ஸை வைத்தேன். கைபட்டுத் தேய்ந்த காசில் பள்ளத்தில் கறுப்பு தங்கியிருக்கும். இதில் மேடு பள்ளம் எல்லாம் ஒரே வெளுப்பு. முகம் முழுக்க வட்ட வட்டமாக மயிரிழைக் கோடுகள். எழுத்துகளின் சந்தில் சாம்பல். "இதை யாருங்க வெளக்கறது?" என்று கேட்டேன்.

அண்ணி இரண்டு அடி முன்னால் வந்தார். "நாந்தானுங்க. மாமா போனதுலருந்து ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்லை. சாம்பலும் புளியும் போட்டு நல்லாத் தேய்ப்பேன். பளிச்சுன்னு இருக்கோணும்னு அவரு சொல்லுவாருங்க." முகத்தை மட்டும்தான் விளக்குவாராம். பின்பக்கம் சந்தனத்தில் அழுத்தி மணைப்பலகையில் பதித்து வைத்திருந்தாராம். நான் காசைத் திருப்பினேன். காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். பூவும் இலையும் அப்படியே இருந்தன. இலைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குழி. தம்பி வெடுக்கென்று காசை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என் பம்பர ஆணி" என்றார். குரல் மாறிவிட்டது. "நாந்தான் குத்தினேன். அப்பா தோலை உரிச்சாரு." அண்ணி அழுதுகொண்டிருந்தார். காசை மாற்றினாள் என்று சொன்னதற்கா, யானையைத் தானே தேய்த்துவிட்டதற்கா, எனக்குத் தெரியவில்லை. அண்ணன் வாசலிலிருந்து வந்தார். தம்பியின் விரல்களைக் காசோடு சேர்த்து மூடினார். பல மாதத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"நீயே எடுத்துட்டுப் போடா. ஆனா வெள்ளிக்கிழமை காலைல ஊட்டுக்குக் கொண்டாந்துரு, வெளக்காம இவளுக்குச் சோறு இறங்காது."

ஆக, புழக்கத்துக்கு வந்தும் துளிகூடத் தேயாத பொருள் ஒன்றை இந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தினமும் பார்க்கிறேன், அதன் பெயர் சந்தேகம், அதற்கு மட்டும் லென்ஸ் இல்லாமலே முதல் தரம் போட்டுவிடுவேன்.