சிவப்பு மையால் அடித்த வரி

என்னைப் போன்ற அற்பக் கணக்கு ஆசிரியனைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஜாலான் புசார் வட்டாரத்து டியூஷன் வகுப்பில், சாங்கி சரக்குக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே ஓ லெவல் தேர்வுக்குப் படித்த செல்வி, மூன்று பக்கங்களும் சமம் என்று காட்டி இரு முக்கோணங்கள் சர்வசமம் என்று நிறுவியிருந்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி. கடைசி வரி, இரண்டுக்கும் பொதுவான பக்கம்: AC = AC.

"ஒரு கோடு தனக்கே சமம்னு எழுதணுமா? கிடங்குல பெட்டி அடுக்குற மாதிரி அடுக்காதீங்க லா!" என்று சிவப்பு மையால் அடித்தேன். வகுப்பே சிரித்தது.

செல்வி சிரிக்கவில்லை. "அத எடுத்துட்டா ரெண்டு பக்கந்தானே சார் சமம்? மூணாவது எங்க?"

"டைம் ஆயிடுச்சு" என்று பத்து நிமிடம் முன்பே வகுப்பை முடித்தேன்.

இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வரியை விட்டுவிடும் மாணவர்களிடம் மட்டும், "இதுகூடத் தெரியாதா?" என்று எரிந்து விழுகிறேன்.