மூன்றுகண் மதகில் சீமெந்து

மதகை உடைத்தவள் என்று என்னை இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மதகை உடைக்கவில்லை. மதகில் பூசிய சீமெந்தைத்தான் உடைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஊர்காவற்றுறைக்குப் போகும் பழைய வீதியில், எங்கள் குறிச்சியைத் தாண்டியவுடன் அந்த மதகு வரும். வீதிக்குக் கீழே தண்ணீர் போக, கடல் முருகைக்கல்லை வளைத்துக் கட்டிய மூன்று கண்கள். ஒல்லாந்தன் கட்டியது என்பார்கள், பறங்கி கட்டியது என்றும் சிலர் சொல்வார்கள், கட்டியவனைக் கண்டவர் ஒருவருமில்லை. உள்பக்கத்துப் புல்தரவையின் பள்ளத்தில் சேரும் மாரி வெள்ளம் அந்தக் கண்களுக்குள்ளால் இறங்கித்தான் கடலுக்குப் போகும். எழுபதுகளின் தொடக்கத்தில் நடுக்கண்ணின் வளைவில் இரண்டு கல் கழன்று விழுந்தது. பஸ் ஏறினால் மதகு அதிர்ந்தது. உடைத்துவிட்டுக் குழாய் வைக்கப்போகிறார்கள் என்று கதை வந்தது.

அதைத் தடுத்தவர்கள் எங்கள் ஊர் ஆண்கள்தான். அதை நான் மறைக்கமாட்டேன். பெட்டிசத்துக்கு மேல் பெட்டிசம் எழுதி, அரசாங்கக் கச்சேரிப் படியைத் தேய்த்து, மதகைப் பழையபடி கல்லாலேயே திருத்துவது என்ற முடிவை வாங்கிக்கொண்டு வந்தார்கள். திருத்துவதற்கு முன்னால் ஊரின் கருத்தைக் கேட்கவேண்டும் என்றும் மேலிடத்திலிருந்து உத்தரவு. அந்தக் காலத்தில் எங்களிடம் யார் என்ன கேட்டார்கள்? ஊரே கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது.

எல்லாரும் ஊரில் நிற்கும் நேரம் பார்த்துக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் ஊரில் ‘எல்லாரும்’ என்றால் தெற்குப் பக்கத்து நகரங்களில் கடை வைத்திருக்கும் ஆண்கள். அவர்கள் ஒன்றாக வந்து நிற்பது ஆடி மாதக் கோயில் திருவிழாவுக்கு. ஆகவே தேர் முடிந்த மறுநாள் வாசிகசாலையில் கூட்டம். பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. அன்றைக்கு அது எனக்கும் விளங்கவில்லை.

வேலைக்குப் பொறுப்பான ஓவசியர் நல்ல மனுசன். மதகைத் தாளில் கீறிக்கொண்டு வந்து, கைப்பிடிச்சுவர் எவ்வளவு உயரம் வேண்டும், சுண்ணாம்பு எங்கே சுடலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில்,

“ஒவ்வொரு கண்ணிலையும் ரெண்டு பக்கச் சுவரிலை, மேலையிருந்து கீழை ஒரு வெட்டு இருக்கு. அது தேவையோ, அடைக்கிறதோ?” என்றார்.

ஊர்ச் சங்கத் தலைவர் யோசிக்கவேயில்லை. “அது கல்லுத் தேஞ்ச பழுது. அடையுங்கோ.”

அவருக்குப் பிறகு எழும்பியவர் என் வீட்டுக்காரர். “நாங்கள் இஞ்சை பிறந்த ஆக்கள். அந்த வெட்டாலை ஒரு பிரயோசனமும் நாங்கள் கண்டதில்லை. சீமெந்து போட்டா உறுதியாயிருக்கும்.”

பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து நான் எழும்பினேன். “அது பலகை போடுற வெட்டு,” என்றேன். “அக்கா, குசினி விசயம் பிறகு கதைப்பம்,” என்று ஒருவர் பின்னாலிருந்து சொல்ல, வாசிகசாலை முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

அந்த ஆண்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பன்னிரண்டு வயதில் கடைக்குப் போனவர்கள் சித்திரைக்கும் ஆடிக்கும் ஊருக்கு வருவார்கள். அப்போது மதகின் கீழ் மாடு படுத்திருக்கும், தண்ணீர் ஏது? ஐப்பசியில் மழை தொடங்கினால் பொங்கல் வரைக்கும் ஒருவர் தலையும் ஊரில் தெரியாது. மாரியில் அந்த மதகில் என்ன நடக்கிறது என்பதை நாங்கள்தான் கண்டோம், நாங்கள்தான் செய்தோம். ஊரோடு இருந்து பயிர் செய்த நாலைந்து கமக்காரருக்கும் தெரியும். ஆனால் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்த கடைக்காரருக்கு முன்னால் அவர்கள் வாய் திறக்கவில்லை.

நடப்பது இதுதான். எங்கள் தீவில் கொஞ்சம் ஆழமாக வெட்டினால் உப்பு. மாரி வெள்ளம் தரவையில் தங்கி ஊறினால்தான் கிணறு அடுத்த மழை வரைக்கும் நல்ல தண்ணீர் தரும். ஆனால் முதல் மழை தரவையின் உப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு வரும், அதை மறிக்கக்கூடாது, ஓடவிட வேண்டும். உப்புக் கழுவிப் போன பிறகு அந்த வெட்டுகளில் பனம்பலகையை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி மூன்று கண்ணையும் அடைக்க வேண்டும். ஒரு நாள் முந்தினால் ஊரின் கிணறெல்லாம் உப்புச் சவர். நாலு நாள் பிந்தினால் நல்ல தண்ணீர் முழுவதும் மீனுக்கு. எப்போது போடுவது என்பதை நாக்குத்தான் சொல்லும். மதகுக்கு மேல்பக்க வீடுகளின் பெண்கள் தினமும் போய், ஓடுகிற தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்போம். மாமி பார்த்தார், அவருக்குப் பிறகு நான் பார்த்தேன்.

புரட்டாதியில் வேலை நடந்தது. வளைவை எவ்வளவு அழகாகக் கட்டினார்கள்! கல்லோடு கல் பொருந்திய விதத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பிறகு மேசன் வெட்டுக்குள் சீமெந்தை அப்பத் தொடங்கினார். ஓடிப்போய் மறித்தேன்.

“அக்கா, கூட்டத்திலை ஊர் சொன்னதைத்தான் நான் செய்யிறன். என்னாலை மாத்த ஏலாது,” என்றார். அவரில் பிழையில்லை.

வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்டேன். பதிலில் கடைப் புதினம் ஒரு பக்கம், என் விஷயம் ஒரு வரி. ‘ஊர் எடுத்த முடிவிலே நீர் தலையிட வேண்டாம்.’ ஊராம்! வருடம் முழுக்க அந்த ஊரில் குடித்துக் குளித்துச் சமைத்தவள் நான். ஊர் எது என்று எனக்கு அவர் தெற்கிலிருந்து எழுதுகிறார். அந்தக் கடிதத்தை அடுப்பில் வைத்துத்தான் அன்றைக்குத் தேத்தண்ணீர் வைத்தேன்.

முதல் மழை பெய்த மறுநாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு இரும்பு அலவாங்கை எடுத்தேன். ஒளித்துச் செய்ய இது களவா? பக்கத்து வளவு அக்கா உளியும் சுத்தியலும் கொண்டு வந்தார். அவருடைய மனுசனும் கடைக்காரர்தான், கூட்டத்தில் சிரித்தவர்தான். இரண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் நின்று ஆறு வெட்டையும் கொத்தினோம். கல்லில் ஒரு கீறல் விழாமல் சீமெந்தை மட்டும் எடுக்க இரண்டு நாள் பிடித்தது. பஸ் மேலே நின்று பார்த்துவிட்டுப் போனது. என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் வேறு வேலை செய்ததில்லை.

தெற்கில் தன் கடையில் இருந்த தலைவருக்குச் செய்தி போய், அவர் என் வீட்டுக்காரருக்குத் தந்தியடித்து, அந்தக் கிழமையே இரண்டு பேரும் ரயில் ஏறி வந்து சேர்ந்தார்கள். விசாரணை வாசிகசாலையில் என்றார்கள். “மதகடியிலை வையுங்கோ, இல்லாட்டி நான் வரமாட்டன்,” என்றேன். ஓவசியர் சம்மதித்தார்.

தூறலுக்குள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். கண்களுக்குள்ளால் தண்ணீர் சரசரவென்று ஓடியது. “அரசாங்க வேலையை உடைக்க உமக்கு ஆர் அதிகாரம் தந்தது?” என்று தலைவர் தொடங்கினார்.

நான் செம்பில் தண்ணீர் அள்ளி என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். “குடிச்சுப் பாருங்கோ. இண்டைக்குப் பலகை போடலாமோ?”

அவர் ஒரு வாய் விட்டார். எல்லாரும் பார்க்கிறார்கள், தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. “நல்ல தண்ணி தானே. போடலாம்,” என்றார். தலைவரும் குடித்துவிட்டு, “ஓம், போடலாம்,” என்றார்.

செம்பைப் பக்கத்து வளவு அக்காவிடம் கொடுத்தேன். அவர் நாக்கில் பட்டதும் துப்பினார். “உப்பு. இன்னும் நாலு நாள் ஓடவேணும்.”

“இண்டைக்குப் போட்டிருந்தா உங்கட பிள்ளையள் வாற மாரி வரைக்கும் சவர்த் தண்ணி குடிச்சிருக்கும்,” என்று நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தே சொன்னேன். “தெரியாதது குற்றமில்லை. தெரியாது எண்டு சொல்லாததுதான் குற்றம். கூட்டத்திலையும் இதைத்தான் செய்தனீங்கள்.”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஓவசியர் தானும் அள்ளிக் குடித்துப் பார்த்தார். “எனக்கு விளங்கேல்லை அம்மா,” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். தன் தாளில் வெட்டுகளைத் திரும்பக் கீறி, அவற்றை அடைக்கக்கூடாது என்று எழுதினார். பலகைக்குப் பொறுப்பாகத் தன் பெயரைப் போடச் சொன்னார் தலைவர். “போடுங்கோ, ஆனா கார்த்திகை முழுக்க இஞ்சை நிண்டு நாக்கை நீட்டவேணும்,” என்றேன். அவர் குடையை மடித்தார், விரித்தார். ஓவசியர் என் பெயரையும் பக்கத்து வளவு அக்காவின் பெயரையும் எழுதிக்கொண்டார்.

தலைவர் அன்றைக்கே ரயில் ஏறினார். என் வீட்டுக்காரர் ஏறவில்லை. ஏனென்று நான் கேட்கவுமில்லை. விடிய எழும்பி எனக்குப் பின்னாலேயே மதகுக்கு வந்தார், நான் அள்ளிக் குடிக்க அவரும் குடித்தார், இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம். நாலு நாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் நான் தண்ணீரை விழுங்கிவிட்டு நிற்க, “இப்ப என்ன மாதிரி?” என்று கேட்டார்.

“போடலாம்,” என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பலகையின் ஒரு தலைப்பைப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்தார், திருப்பிப் பிடிக்கச் சொன்னேன், திருப்பினார். அதைப் பார்த்துவிட்டு நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று பெண்கள் கதைத்துக்கொண்டார்கள். அப்படி ஒன்றுமில்லை. பலகை பாரம், மற்றப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.