உயிரோடு இருக்கிறவர் படம்

மூன்றாம் வகுப்போடு நின்ற நான் துபாயில் உழைத்து, வலங்கைமானில் ஏ.சி. மண்டபம் கட்டினேன். அதன் சுவரில் எந்தெந்த வித்வான்கள் படத்தை மாட்டலாம் என்று பேச சபா செயலாளர் வந்திருந்தார். மடிப்புக் கலையாத ஜிப்பா. பாட்டே இல்லாதபோதும் தொடையில் தாளம் போடுவார்.

எங்கள் ஊர்த் தவில்காரர் பெயரைச் சொன்னேன்.

"வாசிப்புல குறையில்லீங்க முதலாளி. ஆனா ஆள் இன்னும் இருக்காரே. செத்தவங்களுக்குத்தான் படம்."

"அவர் பார்க்கணும்னுதானே மாட்டச் சொல்றேன்."

"ஆஸ்பத்திரியிலதான் கிடக்காராம். பொங்கல் வரைக்கும் பொறுங்களேன்."

தாளம் நிற்கவேயில்லை. மறுநாளே படத்தை மாட்டி, தவில்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து காரில் அழைத்துவந்து காட்டினேன். செயலாளர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நூறு வயசு இருக்கணும்ணே" என்றார்.

எந்த வாயால் அதைச் சொன்னார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.