பகல் ஓய்வுக்கு மதிப்பெண் போட்டவன்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு வகை. அவர்கள் உடம்புக்குக் கேடில்லாமல் வேலை செய்கிறார்களா என்று ஆராய்கிறவர்கள் இன்னொரு வகை. அந்த ஆராய்ச்சி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறவன் மூன்றாம் வகை, அது நான். பரீட்சைத் தாள் திருத்தியவர்களுக்கும், கந்தோரில் ஆண்டறிக்கை எழுதிக் கைநோவு கண்டவர்களுக்கும் என் நிலை புரியும். நாம் போனால் எல்லாரும் எழுந்து கதிரை தருவார்கள். பிறகு எப்போது போவோம் என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இது திருகோணமலைத் துறைமுகப் பக்கம் நடந்த ஒரு மதிப்பீட்டின் கதை. கடலோரத்தில் சீமெந்து மூட்டைகளை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கி. அங்கே மூட்டை தூக்குகிற அருளப்பு உச்சி வெயிலில் தலைசுற்றி, லொறிக்குப் போட்ட பலகையிலிருந்து மூட்டையோடு விழுந்து தோளை உடைத்துக்கொண்டார். அதன் பிறகு அரசாங்கம் ஓர் ஆராய்ச்சியை ஆரம்பித்தது. மத்தியானத்தில் ஒரு மணி நேரம் நிழலும் தண்ணீரும் கொடுத்தால் மயக்கமும் விபத்தும் குறையுமா என்பதுதான் கேள்வி. பொறுப்பாக இருந்தவர் ஸ்டெல்லா மிஸ். ஆராய்ச்சி நடக்கும் வரைக்கும்தான் அந்த ஓய்வு. என் அறிக்கை ‘போதாது’ என்று வந்தால் ஆராய்ச்சி நிற்கும், ஓய்வும் அதோடு போகும். ஆக, அருளப்புவும் அவருடைய ஆட்களும் மத்தியானத்தில் எங்கே இருக்கவேண்டும் என்பதை, ஒரு வசனத்தில் காற்புள்ளியா அரைப்புள்ளியா என்று அரை நாள் யோசிக்கிற என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

வீட்டில் ஒரு விளக்கம்

புது வேலை கிடைத்த செய்தியைப் பாலையூற்றில் உள்ள என் வீட்டுக் குசினியில் நின்று மனைவிக்கு விளக்கினேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தொழிலாளர் மூட்டை தூக்குவார்கள், ஸ்டெல்லா மிஸ் அவர்களைக் கவனிப்பார், நான் ஸ்டெல்லா மிஸ்ஸைக் கவனிப்பேன், கொழும்பில் ஒரு பணிப்பாளர் என் அறிக்கையைக் கவனிப்பார் என்று ஒவ்வொரு படியாக, இடையிடையே வரைவிலக்கணங்களோடு சொன்னேன். பொருத்தம், தரம், விளைவு என்ற மூன்று தலைப்புகளில் ஐந்துக்கு மதிப்பெண் போடுவேன் என்பதையும் விடவில்லை.

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கத்தியைக் கழுவி வைத்தாள். பிறகு கேட்டாள்: “இஞ்சாருங்கோ, இவ்வளவு பேரும் பாத்துக்கொண்டு நிண்டா, அந்த மனுசருக்கு ஒரு கை குடுக்கிறது ஆர்?”

சப்பாத்து

முதல் நாள் கிட்டங்கி வாசலிலேயே காவலாளி என்னை மறித்தார். நான் செருப்புப் போட்டிருந்தேன். கனத்த சப்பாத்து இல்லாமல் ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்பது விதி. அந்த விதியைச் சிபாரிசு செய்ததே ஸ்டெல்லா மிஸ்ஸின் ஆராய்ச்சிதான் என்பதும், அந்தச் சிபாரிசைப் படித்து ஓரத்தில் ‘நடைமுறைக்கு வருமா?’ என்று சந்தேகக் குறிப்பு எழுதியவன் நான்தான் என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தன. நடைமுறைக்கு வந்துவிட்டது என்று காவலாளியிடம் மகிழ்ச்சியோடு தெரிவித்தேன். அவர் மகிழவில்லை.

கடைசியில் யாரோ ஒருவருடைய பழைய சப்பாத்தைத் தந்தார். அதற்குள் என் கால் தனியாக ஒரு நடை நடந்தது, சப்பாத்து தனியாக இன்னொரு நடை நடந்தது. பத்தடி போவதற்குள் கயிற்றில் தடுக்கி, மூட்டை அடுக்கின்மேல் முகம் பதிய விழுந்தேன். எழும்பியபோது என் புருவமெல்லாம் சீமெந்து. காவலாளி ஓடி வந்து தூக்கிவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “சேர், இந்த மாதம் இன்னும் ஒரு விபத்தும் நடக்கேல்லை. உங்களைச் சேத்து எழுதோணுமோ, இல்லாட்டி வெளியாள் எண்டு விடலாமோ?”

ஓய்வு என்றால் என்ன?

தூக்குகிறவர்களிடம் நேரில் கேள்வி கேட்கவேண்டும் என்பது என் தொழிலின் முக்கிய விதி. வேலை நேரத்தில் அவர்களைப் பிடிக்க ஏலாது. தோளில் மூட்டை இருக்கும். ஆகவே மத்தியானத்தில், கூரை நிழலில் அவர்கள் சாய்ந்திருக்கும்போது போனேன். இரண்டு மாடுகளும் ஒரு மானும் அதே நிழலில் படுத்திருந்தன. எங்களூர் மான்கள் வெயில் ஏறும் முன்பே நிழலுக்கு வந்துவிடும். அவற்றுக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

நான் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டேன். ஓய்வு போதுமானதா? கண்ணை மூடுகிறீர்களா, சும்மா இருக்கிறீர்களா? கடதாசிச் சீட்டு விளையாடுவதை ஓய்வு என்பீர்களா, பொழுதுபோக்கு என்பீர்களா? இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கத் தொடங்கியபோது ஒருவர் தலையணையாக வைத்திருந்த சாக்கை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். இப்படியே மூன்று நாட்கள். நாலாம் நாள் அருளப்புவை எழுப்பினேன். அவர் உடைந்து பொருந்திய தோளைத் தடவிக்கொண்டு எழும்பியிருந்தார். “சரியாச் சொல்லுங்கோ, ஓய்வு எண்டு நீங்கள் எதைச் சொல்லுவீங்கள்?” என்றேன்.

“சேர், கோவிக்காதேங்கோ,” என்றார் அவர். “நீங்கள் வராத நாளைத்தான் சொல்லுவன்.”

அடுத்த கிட்டங்கி

எந்த ஆராய்ச்சிக்கும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும். ஓய்வு கிடைக்கிறவர்களையும் கிடைக்காதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதற்காகக் கொஞ்சம் தள்ளியிருந்த இன்னொரு கிட்டங்கியை எடுத்திருந்தார்கள். அங்கே ஓய்வு கிடையாது. ஆனால் கணக்குகளைப் பார்த்த எனக்கு மயக்கம் வந்தது. அருளப்புவின் இடத்தில் விபத்து நன்றாகக் குறைந்திருந்தது. ஓய்வே இல்லாத இடத்திலும் அதேயளவு குறைந்திருந்தது. அப்படியென்றால் ஓய்வால் ஒரு பயனும் இல்லை என்றுதான் நான் எழுதவேண்டும்.

ஒரு மத்தியானம் சொல்லாமல் அங்கே போனேன். எல்லாரும் நிழலில் படுத்திருந்தார்கள். தண்ணீர்க் குடம்கூட இருந்தது. அவர்களில் மூத்தவரான செல்வம், அருளப்புவின் தங்கையைக் கட்டியவர். இரண்டு கிட்டங்கி ஆட்களும் நிலாவெளியிலிருந்து காலையில் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள். இரண்டு இடங்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று ஆராய்ச்சித் திட்டம் சுத்தமாக எழுதியிருந்தது. பஸ் ஒன்றுதான் என்று எழுதவில்லை. ஓய்வு தராவிட்டால் எல்லாரும் அந்தப் பக்கம் வேலைக்குப் போய்விடுவோம் என்று இவர்கள் சொல்ல, முதலாளியும் விட்டுவிட்டார்.

“நீங்கள் ஓய்வெடுக்கக் கூடாத குழு,” என்று நான் விளக்கினேன்.

செல்வம் எழும்பவில்லை. படுத்தபடியே சொன்னார்: “மச்சான் அங்க படுத்திருக்க, நான் இஞ்ச வெயில்ல நிண்டு அவனுக்கு மார்க்ஸ் எடுத்துக் குடுக்கிறதோ?”

ஒரு சிபாரிசு

தொழில் விதிப்படி ஒப்பீட்டுக் குழு கெட்டால் ஆராய்ச்சியின் தரமும் கெட்டது. தரத்துக்கு ஒன்று போட்டேன். ஆராய்ச்சியைக் காப்பாற்ற ஒரே வழிதான் தெரிந்தது: ‘ஒப்பீட்டுக் குழுவை முன்னிருந்த நிலைக்குத் திருப்பவேண்டும்’ என்று ஒரு வசனம். தமிழில் நல்ல வசனம். எழுவாய் மறைந்திருந்தது, யாரும் யாரையும் ஒன்றும் செய்யாதது போல. ஸ்டெல்லா மிஸ்ஸிடம் காட்டினேன்.

அவர் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். “அருளப்பு அண்ணன் விழுந்த அண்டைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான் சேர். இப்ப செல்வம் அண்ணனை வெயில்ல நிப்பாட்டினா, அவர் விழுந்தாத்தான் எங்கட ஆராய்ச்சி சரி எண்டு வரும். அப்பிடித்தானே?” என்றார். அப்படித்தான். நான் அடிக்குறிப்பு ஒன்று போடலாம் என்றேன். அவர் குடையை எடுத்து என் கையில் தந்தார். “அப்ப சேரே போய்ச் சொல்லுங்கோ.”

போனேன். வழி முழுக்க வசனத்தை மெருகேற்றினேன். செல்வத்தின் ஆட்கள் என்னைக் கண்டதும் நகர்ந்து நிழலில் இடம் விட்டார்கள். யாரோ சாக்கை உதறி விரித்தார். இருந்தேன். கடலிலிருந்து காற்று வந்தது. செல்வம் செம்பில் தண்ணீர் தந்துவிட்டு, “சேர் ஏதோ சொல்ல வந்த மாதிரி,” என்றார். மெருகேறிய வசனம் தொண்டைவரை வந்தது. “இல்லை, தண்ணி குளிரா இருக்கோ எண்டு பாக்க வந்தனான்,” என்றேன்.

செல்வம் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்: “பாத்தீங்களோடா, குடத்துத் தண்ணி குளிரோ எண்டு பாக்கவும் அரசாங்கம் ஆள் வைச்சிருக்கு!”

கொழும்பு அழைக்கிறது

அன்றே அந்தச் சிபாரிசை வெட்டி நீக்கினேன். தரத்துக்குப் போட்ட ஒன்றை மாற்றவில்லை. அது நேர்மையான ஒன்று. ஆனால் ‘விளைவு’ என்ற தலைப்பில் ஐந்து போட்டேன். ஆராய்ச்சி முடியும் முன்பே, ஒருவரும் சொல்லாமலே, அடுத்த இடம் அதைக் கைக்கொண்டுவிட்டது என்று காரணம் எழுதினேன். ஓய்வுக்கு முன்னிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இரண்டு இடங்களிலும் விபத்து குறைந்திருப்பதையும் எழுதி, ஆராய்ச்சியைத் தொடரலாம் என்று முடித்தேன். பிறகு என் தொலைபேசியைப் பார்க்கவே பயந்துகொண்டிருந்தேன்.

கொழும்பிலிருந்து பணிப்பாளர் அழைத்தார். “உமக்குச் சுகமில்லையோ? தரத்துக்கு ஒண்டு, விளைவுக்கு ஐஞ்சு. ரெண்டுக்கும் காரணம் ஒண்டுதானே?” என்றார். ஓம், ஒன்றுதான் என்றேன். பிறகு, இன்னொரு கட்டம் நடத்தலாம், ஆனால் சொந்தபந்தம் இல்லாத ஓர் ஊரில் ஒப்பீட்டுக் குழு தேடவேண்டும் என்றார். நான் ஸ்டெல்லா மிஸ்ஸிடம் ஓடிப்போய்ச் செய்தியைச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கரையோர வீதியில் தள்ளிப்போய்க் குச்சவெளியில் தேடுவோமா என்று கேட்டேன்.

“அங்க ஏலாது சேர்,” என்றார். “அருளப்பு அண்ணன் பெம்பிளை எடுத்ததே குச்சவெளியில.”

இரண்டாம் கட்டமும் இப்போது பாதி போய்விட்டது. போகிற இடமெல்லாம் மத்தியானத்தில் ஆட்கள் நிழலில் படுத்திருக்கிறார்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் வெயிலில் நிற்கிற ஆளென்று மிஞ்சியிருப்பவன் அவர்களை எண்ணிக்கொண்டிருக்கிற நான் ஒருவன்தான்.