அரை மணி நேரம் பிந்திய நட்சத்திரம்

பினாங்கில் வானியல் படிப்பது வீம்புக்குச் செய்கிற காரியம். வருடத்தில் பாதி நாள் மேகம், மீதி நாள் மழை. அந்த வீம்பில்தான் தொண்ணூறுகளில் முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்தேன்.

எனக்கு வாய்த்தது ஓர் இரட்டை நட்சத்திரம். ஒன்று மற்றதை மறைக்கும்போது, குறித்த நேரத்துக்கு வெளிச்சம் மங்கும். எழுபதுகளில் அது மங்கிய நேரங்களை என் பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்து வைத்திருந்தார். அவற்றோடு நான் எடுத்த நேரங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், நட்சத்திரம் இப்போது அரை மணி நேரம் தாமதமாக மங்கியது. கண்டுபிடிப்பு! ஆய்வேடு முழுவதையும் அதன் மேலேயே கட்டினேன். பட்டர்வொர்த் போகும் ஃபெரிப் படகில் சும்மா நின்றவர்களையெல்லாம் பிடித்து வைத்துச் சொன்னேன்.

கணக்குப் போட்ட கணினி நிரல் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதியது. காசு கிடையாது, ஒளிவுமறைவும் கிடையாது. எதையாவது சேர்த்தால் அதை எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். நான் சேர்த்தது ஒரே வரி: பினாங்கு நேரம் கிரீன்விச்சைவிட எட்டு மணி நேரம் முன்னே.

"ரிசல்ட்ட மட்டும் அனுப்பு லா தம்பி. நோட்டு, புரோகிராம் எல்லாம் எதுக்கு ஊருக்குக் காட்டிக்கிட்டு?" என்றார் பேராசிரியர்.

"ரூல் அப்படி சார். பார்த்து அசந்து போகட்டுமே" என்று எல்லாவற்றையும் அனுப்பினேன். அவ்வளவு திமிர் எனக்கு.

மறுநாள் காலை, முகம் தெரியாத ஒரு பின்லாந்துக்காரரிடமிருந்து மின்னஞ்சல். பாராட்டெல்லாம் இல்லை, ஒரே கேள்வி: "உங்கள் ஊரில் இடையில் கடிகாரத்தை மாற்றினார்களா?"

மாற்றினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்கு மலேசியாவே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. எங்கள் வீட்டில் நாற்காலி மேல் ஏறி முள்ளைத் திருப்பியவன் நான்தான். நோட்டில் இருந்ததோ அதற்கு முந்தைய நேரம்; என் ஒற்றை வரி அதிலும் எட்டு மணி நேரத்தைக் கழித்திருந்தது.

போய்ச் சொன்னேன். "நானும்தானே அன்னைக்கு வாட்ச்ச திருப்புனேன்" என்று பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. இரண்டு வருட உழைப்பு. சத்தமில்லாமல் மூடி மறைக்கவும் வழியில்லை, உலகமே பார்க்கும்படி நானே விரித்து வைத்திருந்தேன். பழைய தேதிகளுக்கு ஏழரை மணி நேரம் என்று திருத்தி, தப்பு என்னுடையது என்றும் எழுதி அனுப்பினேன்.

நட்சத்திரம் நேரம் தவறாமல்தான் மங்குகிறது என்று ஆய்வேட்டை மறுபடி எழுதிப் பட்டம் வாங்கினேன். நூலகத்தில் அதை இதுவரை ஒருவரும் தொட்டதில்லை. நிரலை மட்டும் இன்னும் பல ஊர்களில் பயன்படுத்துகிறார்கள். அதில் தப்பு செய்தவன், திருத்தியவன் என்று இரண்டு இடத்திலும் என் பெயர்தான் இருக்கிறது.