இரண்டு விசிலுக்கு எழுந்தேன்

நான் ஆண்டவரோடு சண்டை போட்டவன். அதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் அவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். ஒருநாள் என் மகன் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு பெரிய பாக்கெட்டைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பர். அன்றைக்கு நடந்ததுதான் அந்தச் சண்டை.

என் பெயர் ஞானமுத்து. வயது எழுபத்து மூன்று. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தேன். திருக்கழுக்குன்றம் வளைவில் பஸ் சாய்ந்தாலும் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிப்பேன். அப்படி நின்ற கால்கள் இவை. அடக்க முடியாத கோளாறு எதுவும் எனக்கு இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து பாத்ரூம் போய்ச் சேர அப்போது நேரமானது, அவ்வளவுதான். அதற்கு டயப்பரா? தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல உதவி, அதில் கேவலம் ஒன்றுமில்லை. தேவைப்படாதவனுக்குக் கட்டிவிடப் பார்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நிலைக்கு நான் வந்த கதையைக் கேளுங்கள். போன வருஷம் நவம்பர் மழையில் டெங்கு வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். காய்ச்சல் விட்டது, சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "நல்லா ரெஸ்ட் எடுங்க." தண்ணீர் கைக்கு வந்தது. சாப்பாடு மடிக்கு வந்தது, அதுவும் மூன்று வேளையும் கஞ்சி. நான் எழுந்தால் மகன் ஓடிவந்து தோளை அமுக்கி உட்கார வைப்பான். ஜனவரியில் பாத்ரூம் வாசலில் ஒருதரம் வழுக்கி விழுந்தேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து வீட்டு வாசலுக்குப் போவதுகூட நின்றுபோனது.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வியாதியஸ்தர்களின் பட்டியலை வாசித்து ஜெபிப்பார்கள். "பலவீனமாய்ப் படுக்கையில் இருக்கிற சகோதரர் ஞானமுத்து" என்று என் பெயரும் அதில் ஏறியது. ஏறின பெயர் லேசில் இறங்காது. ஒன்று, சுகமாகிச் சாட்சி சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடக்க ஆராதனை நடக்க வேண்டும். ஜெபக்குழு வாராவாரம் வீட்டுக்கு வந்தது. என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் கை வைத்து, "எழுப்பும் ஆண்டவரே, எழுப்பும்" என்று கண்ணீரோடு ஜெபித்தார்கள். ஆமென் சொன்னதும் நான் எழப் பார்த்தால், "ஐயோ, உக்காருங்க, உக்காருங்க!" என்று அவர்களே பிடித்து அமுக்கினார்கள். எழுப்பச் சொல்லிக் கேட்டவர்கள்தான் அமுக்கியவர்களும். அன்புதான், தெரியும். அந்த அன்பில் என் தொடைச் சதை கரைந்துபோனது.

ஜூலை மாதம் அந்தப் பாக்கெட் வந்தது. அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோபத்தில் வந்த அழுகை. "ஆண்டவரே, நீர் சுகமாக்கின ஒருத்தரையாவது ரெஸ்ட் எடுக்கச் சொன்னீரா? எழுந்து நடக்கத்தானே சொன்னீர்? எனக்கு மட்டும் ஏன் இப்படி? இனி என் தலையில் கை வைக்க ஆள் அனுப்பாதேயும். எழுந்திரு என்று சொல்ல ஒரே ஒரு ஆளை அனுப்பும்." இதுதான் என் ஜெபம். மரியாதை இல்லாத ஜெபம். அவர் கேட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அரசு மருத்துவக் குழு வீட்டுக்கு வந்தது. என் மனைவி மரகதத்துக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க வந்தவர்கள், எனக்காக வரவில்லை. அவர்களோடு தேவகி என்ற பிசியோதெரபி அம்மா வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், நெற்றி நிறையக் குங்குமம். என்னைப் பார்த்துவிட்டு, "பெரியவருக்கு இன்னா?" என்று கேட்டார்.

"அவருக்கு ஒண்ணும் வாணாம்மா, ரெஸ்ட்ல கீறாரு" என்றாள் மரகதம்.

அந்த அம்மா என் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எல்லாம் படித்தார். பிரஷர் பார்த்தார். பிறகு எதிரே வந்து நின்றார். "கைய ஊணாம எழுந்திரு நைனா, பாக்கலாம்."

எழுந்திரு! எட்டு மாதத்தில் அந்த வார்த்தையை எனக்குச் சொன்ன முதல் ஆள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் எழ முடியவில்லை. மூன்று தரம் முயன்றும் முடியவில்லை.

"நோவு எப்பவோ பூட்ச்சி. இது உக்காந்து உக்காந்து வந்த பலவீனம். எழுந்து எழுந்துதான் போவும்" என்றார்.

நாற்காலியைச் சுவரோரம் போடச் சொன்னார். கையை ஊன்றியாவது ஐந்து தரம் எழுந்து உட்கார வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். மரகதம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கஞ்சியோடு முட்டை, சுண்டல், மீன் என்று ஏதாவது இருக்க வேண்டும். வாரம் ஒருதரம் வந்து பார்ப்பதாகவும் சொன்னார், சொன்னபடி வந்தார்.

மகன் கத்தினான். "வுழுந்தா யாருப்பா பாக்கறது?"

"வுழாம இருக்கத்தாண்டா இது!" என்று நானும் கத்தினேன்.

அவன் சட்டென்று அழுதுவிட்டான். "நீங்க வுழுந்த அன்னிக்கு நான் கம்பெனியில இருந்தேன். வண்டிய எப்பிடி ஓட்டிகினு வூடு வந்தேன்னே தெர்லப்பா." எனக்கு அப்போதுதான் புரிந்தது, பயத்தில்தான் என் தோளை அமுக்கியிருக்கிறான் பிள்ளை. இருந்தாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மரகதம் பீரோவிலிருந்து என் பழைய விசிலை எடுத்து வந்தாள். பஸ்ஸில் இரண்டு விசில் என்றால் கிளம்பு, ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு ஊதினால் நான் எழ வேண்டும், ஒன்று ஊதினால் உட்கார வேண்டும். முப்பத்தோரு வருஷம் ஊரையே கிளப்பியவனைக் கிளப்ப அவளுக்கு ஒரே குஷி. "ஸ்டாப்பிங் வரல, இன்னும் நில்லு" என்று என்னை நிற்க வைத்தே சிரிப்பாள். முதல் மாதம் தொடை கடுத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாம் மாதம் கையை ஊன்றாமல் எழுந்தேன். அக்டோபரில் பாத்ரூமுக்கு நானே போய் வந்தேன், யாரும் கூட வரவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். சிரிக்காதீர்கள், அதைவிட உருக்கமாக நான் சபையில்கூட ஸ்தோத்திரம் சொன்னதில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு, கைத்தடியோடு சபைக்கு நடந்து போனேன். பட்டியல் வாசித்தார்கள். "பலவீனமாய்ப் படுக்கையில் இருக்கிற சகோதரர் ஞானமுத்து..."

எழுந்துவிட்டேன். "ஐயா! ஞானமுத்து இங்க நின்னுகினு கீறான். பேர இறக்கிவுடுங்க!"

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கைதட்டினார்கள், அழுதார்கள். சாட்சி சொல்ல முன்னால் வரச் சொன்னார்கள். போனேன். அதற்குள் ஒருவர் பின்னாலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்! "உக்காந்து சொல்லுங்கய்யா." நான் பார்த்த பார்வையில் நாற்காலி வந்த வழியே திரும்பிப் போனது. நின்றுகொண்டேதான் சொன்னேன்.

அன்பானவர்களே, கேளுங்கள், அவர் தருவார். கோபமாகக் கேட்டாலும் தருவார். ஆனால் அவர் அனுப்பும் ஆள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து எழுந்திரு என்றால், எழுந்திருங்கள். வயதானவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஆமென் சொன்னதும் தோளை அமுக்காதீர்கள். கையைக் கொடுங்கள்.

அந்தப் பாக்கெட்டை நாங்கள் பிரிக்கவே இல்லை. அடுத்த தெருவில் பக்கவாதத்தில் கிடக்கும் ஒரு அம்மாவுக்கு அது வேண்டியிருந்தது. மகன் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்தான் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.